கண்ணாடி உடையாத பள்ளி

எங்கள் பகுதியில் இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்று பாலத்துப் பள்ளி, இன்னொன்று மேட்டுப் பள்ளி. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்ததும் எதில் சேர்ப்பது என்று எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். தேர்ச்சி எவ்வளவு என்று கேட்பார்கள், பஸ் நிற்குமா என்று கேட்பார்கள், எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையை எங்கே போட்டாள் என்று கேட்டுவிட்டு அங்கேயே கொண்டுபோய்த் தள்ளுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உடைந்த கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்தார்.

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். இரண்டு பள்ளிக்கும் அவர்தான் போவார். நான் கோழிக்கறிக் கடையில் வெட்டுகிறவள். உங்கள் வீட்டில் சண்டை வந்தால் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கிறது என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் பயப்பட வேண்டியது என்னைப் பார்த்துத்தான். அவர் ஓர் ஈயைக்கூட விரட்டித்தான் விடுவார், அடிக்க மாட்டார்.

பாலத்துப் பள்ளியிலிருந்து மாதம் தவறாமல் அழைப்பு வரும். ஒரு தடவை அங்கே புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரத்தில் பூசிய பட்டி காய்வதற்குள் இரண்டு பத்தாம் வகுப்புப் பையன்கள் அடித்துக்கொண்டே வராந்தாவில் வந்தார்கள். பெரியவன் சின்னவனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை அந்தக் கண்ணாடியிலேயே மோதினான். சின்னவனுடைய புருவம் பிளந்து கண் தெரியாமல் ரத்தம் வழிந்தது. பெரியவன் விடாமல் இரண்டாம் தடவை மோதப் போனபோது, தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடுவில் புகுந்தார். முழங்கை ஒன்று அவர் மூக்கில் விழுந்தது. மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்க, இரண்டு பேரின் சட்டைக் காலரையும் பிடித்தபடி ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தரையில் உட்கார்ந்திருந்தாராம்.

வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரருடைய முன்கையிலும் ஒரு நீளமான கீறல். கட்டுப் போடும்போது சொன்னார்.

"அந்தப் பள்ளிக்கூடம் ரவுடிங்க கூடாரம். நம்ம புள்ளைய அங்க போட்டா முழுசா திரும்பி வராது."

"அந்த டீச்சர் மூக்கு உடைஞ்சும் விடலையே, அத பாக்க மாட்டீங்களா?"

"ஏன் உடைஞ்சுது? அத கேளு முதல்ல. மேட்டுப் பள்ளியில நான் கடைசியா கண்ணாடி போட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு கீறல் இல்ல. பந்து விளையாட்டு பீரியட்கூட இருக்கு, ஆனா ஒரு ஜன்னல் போனதில்ல. எப்படி வளத்திருக்காங்க பாரு."

கல்வி அலுவலகமும் மேட்டுப் பள்ளிக்குத்தான் முதலிடம் என்று சொல்லியிருந்தது. நான் ஒருநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் இரண்டு வாசலிலும் போய் நின்று பார்த்தேன். பாலத்துப் பள்ளியில் பிள்ளைகள் மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டினார்கள், ஒருத்தன் பையை இன்னொருத்தன் இழுத்தான், ஒருத்தி ரோட்டில் நின்று தோழியைத் திட்டினாள். மேட்டுப் பள்ளியில் வரிசையாக வந்தார்கள். வாசலைத் தாண்டியும் ஓடவில்லை. தெருமுனை திரும்பிய பிறகும் பேசவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அது என்ன என்று அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்கே வாய் வராத விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். எந்த விஷயத்திலும் பிடிவாதம் பிடிக்காத மனுஷன் இதில் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டேன்.

எங்கள் மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். நுரையோடு பேசுவாள், தூக்கத்தில் பேசுவாள், பேசிப் பேசியே சோற்றைக் கீழே சிந்துவாள். கொஞ்ச நேரம் வாயை மூடுடி என்று நான் கையெடுத்துக் கும்பிடாத நாள் இல்லை.

மேட்டுப் பள்ளியில் சேர்ந்து சில வாரங்களில் ரேடியோ நின்றுவிட்டது. பெரிய பெண் ஆகிறாள், பொறுப்பு வந்துவிட்டது என்றார் அவர். ஒருநாள் சாயங்காலம் இரும்பு பீரோவின் கதவில் அவள் விரல் நன்றாகவே நசுங்கியது. நகம் கறுத்து ரத்தம் கசிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் உதடு இறுக மூடியிருக்கிறது. ஒரு முனகல்கூட இல்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து விரலை எடுத்து வாயருகே வைத்து ஊதினேன். அவள் என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்பது போல.

"பாத்தியா, எவ்வளவு தாங்குது புள்ள," என்றார் அவர் பெருமையாக.

ஆயிரக்கணக்கில் கோழி வெட்டியிருக்கிறேன். அதுகூடக் கத்தும்.

அன்று முதல் அவளைக் கவனித்தேன். பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தாள். கேட்டால் ஓட்டப்பந்தயம் என்றாள். அவள் தூங்கிய பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் குறுக்காகக் கோடு கோடாகத் தடித்திருந்தது, சில கோடுகள் பழுத்து மஞ்சளாகிவிட்டன, சில புதிது. எழுப்பிக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே வந்து சொன்னாள்.

"கேக்காதம்மா. நீ வந்து கேட்டா எனக்குத்தான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்போதே போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவர் வாசலை மறித்து, நீ போனால் கைகலப்பில்தான் முடியும், நான் போய்ப் பக்குவமாகப் பேசுகிறேன் என்றார். மறுநாள் போனார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். உடற்பயிற்சி ஆசிரியர் நன்றாகப் பேசினாராம். கயிறு ஏறும்போது வழுக்கினால் காலில் அப்படித் தடிக்குமாம். தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம்.

"சுத்தி வந்து பாத்தேன். எல்லா ஜன்னலும் அப்படியே இருக்கு. அடி உதைன்னு நடக்கற இடத்துல அப்படி இருக்காது, என் அனுபவத்துல சொல்றேன்."

கையில் இருந்த தட்டை எறிந்தேன். அவர் தலைக்கு மேலே சுவரில் பட்டு விழுந்தது. அவர் குனிந்து தட்டை எடுத்து, விளிம்பு நசுங்கியதைத் தடவிப் பார்த்து, கழுவி வைத்தார். நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போக வேண்டாம், மத்தியானம் நானே போய் டிசி வாங்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். விடிவதற்கு முன்னாலேயே நான் கடைக்குப் போகிறவள். நான் போன பிறகு, பரீட்சை இருக்கிறதே என்று அவரே அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

அது எனக்குத் தெரியாது. மத்தியானம் கடை ஓய்கிற நேரத்தில் வண்டியை எங்கள் கடை முன்னால் நிறுத்தினார். கையில் அட்டை சுற்றிய கண்ணாடி.

"பின்னாடி உக்காந்து இத புடிச்சிக்கறியா? மேட்டுப் பள்ளியில இருந்து போன். ஒரு ஜன்னல் போச்சாம். பந்து பட்டுச்சாம். பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள மாட்டிடணுமாம்."

"ஒரு வழியா உங்க பள்ளிக்கூடத்துக்கும் உயிர் வந்துச்சா?"

பெயர் கெட்டுப்போன மாதிரி அவருக்கு முகம் வாடியிருந்தது. எப்படியும் நான் போக வேண்டிய இடம்தானே என்று ஏறினேன். ஏப்ரனைக் கழற்றவில்லை, காலையிலிருந்து வெட்டிய ரத்தம் முழுதும் அதில்தான். கத்தியை மட்டும் கழுவிப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தேன். அந்த அளவுக்கு என்னை எனக்குத் தெரியும்.

வழியில்தான் சொன்னார், பிள்ளை பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள் என்று. ஓடுகிற வண்டியில், இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முதுகைக் கடிக்கலாமா என்று யோசித்த ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்குள் நுழைந்தபோது ஆளே இல்லாத கட்டடம் மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் நிரம்ப உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் எங்களை முன்பக்கம் விடாமல் பின்பக்கமாகக் கூட்டிப்போனார். விளையாட்டுச் சாமான் அறையின் ஜன்னல். கம்பிக்கு வெளியே இருந்த கண்ணாடியில் கீழ்ப்பாதி இல்லை. அடியில் சுவரை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். மண்ணில் தேங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நிறம் எனக்குப் புதிதல்ல, எங்கள் கடைச் சாக்கடையில் தினமும் பார்க்கிறேன்.

அவர் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். புல்லில் கிடந்தவற்றைப் பார்த்தார், சட்டத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பற்களைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

"பந்து இல்ல. எல்லாச் சில்லும் வெளியில கெடக்கு. உள்ள இருந்து உடைச்சிருக்காங்க." பிறகு குரல் இறங்கியது. "கையால."

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம். மாட்டிட்டுப் போங்கண்ணே," என்றார் வாட்ச்மேன்.

நான் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுக் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. கண் பழகியதும் நான்கைந்து பிள்ளைகள் தெரிந்தார்கள். சுவரைப் பார்த்து மண்டியிட்டு, தலைமேல் கைகளை வைத்தபடி இருந்தார்கள். பாயில் ஒரு சின்னப் பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு நீலம். விசில் ஊதுவது போல அவள் மூச்சு மட்டும்தான் அந்த அறையில் கேட்டது. அவள் பக்கத்தில் என் மகள். வலது கையில் ஏதோ விளையாட்டுச் சட்டையைச் சுற்றியிருந்தாள், சட்டை நனைந்து முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டித் தன் அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. அவரைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

கண்ணாடிக்காரனுக்குப் போன் செய்த பாவிகள் டாக்டருக்குச் செய்யவில்லை. ஜன்னலை ஒட்டவைத்துவிட்டால் போதும், கைக்கு அப்புறம் ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரன்தான் அவளுக்கு அப்பன் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பன்கள் எத்தனையோ பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள், எவன் முகத்தை ஞாபகம் வைப்பார்கள்?

அவர் கையில் இருந்த புதுக் கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது. ஓடினார். நானும் ஓடினேன். அறையின் கதவில் வெளியே பூட்டு. பையிலிருந்து சுத்தியலை எடுத்துப் பூட்டை அடித்தார். ஈயைக்கூட அடிக்காத கை. பூட்டோடு நாதாங்கியும் மரமும் பிய்ந்து வரும் வரைக்கும் அடித்தார், தன் விரலையே இரண்டு தடவை அடித்துக்கொண்டும் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். ஆள் வாட்டசாட்டம், கையில் வழவழவென்று தேய்த்த பிரம்பு. உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ். சத்தம் போடாதீங்க. பரீட்சை நடக்குது. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

நான் பேசவில்லை. கன்னத்தில் விட்ட அறையில் அவர் தலை கதவு நிலையில் மோதியது. அவர் சுதாரித்துக்கொண்டு பிரம்பை வீசினார். என் கழுத்தில் ஒன்று விழுந்தது, காதோடு சேர்த்து இன்னொன்று. காதுக்குள் தீ வைத்த மாதிரி இருந்தது. அவருக்குக் கை பழகியிருந்தது, அடுத்தடுத்து எங்கே போட வேண்டும் என்று தெரிந்திருந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். என் கையும் பழகிய கைதான். எந்த மூட்டு எந்தப் பக்கம் திருகினால் விலகும் என்று நான் யோசிக்கவே வேண்டாம். திருகினேன். உள்ளே எலும்பு நகர்ந்தது விரல்களுக்குத் தெரிந்தது.

ஆசிரியர் அலறினார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அலறல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். வகுப்புகளில் நாற்காலிகள் நகர்ந்தன.

அறைக்குள் மண்டியிட்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி திரும்பாமல், தலையிலிருந்து கையை எடுக்காமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"சார் சத்தம் போட்டுட்டாரு. சத்தம் வந்தா இன்னொண்ணு."

அங்கே அதுதான் சட்டம். அந்த ஆசிரியர் பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளை உள்ளங்காலில் அடிக்க வைப்பார். சத்தம் வந்தால் இன்னொன்று. அதற்கும் சத்தம் வந்தால் அடிக்கிற பிள்ளைக்கும் ஒன்று. வராந்தாவில் ஓடினால், சிரித்தால், பந்து சுவரில் பட்டால், எல்லாவற்றுக்கும் இந்த அறை. அப்புறம் எங்கே கண்ணாடி உடையும்? இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் அந்தப் பெண் சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

இன்னொன்று போட்டேன். பல் உடைந்தது. அவர் தரையில் விழுந்ததும் மார்பில் ஏறி உட்கார்ந்து, பிரம்பைப் பிடுங்கி முகத்தில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் சத்தம் போட்டார், ஒவ்வொரு தடவையும் இன்னொன்று போட்டேன். வாட்ச்மேனும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தும் நான் எழவில்லை. என்னை நிறுத்தியது என் வீட்டுக்காரரின் குரல்தான். நீலம் பூத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"விடு அவன. புள்ளைங்க சாகுது. வா."

எழுந்தேன். அப்போது அந்த மண்டியிட்ட பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. முதலில் லேசாக. யாரும் அடிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்து அழுதது. பிறகு மற்றதுகளும். நாங்கள் வாசலுக்கு ஓடி ஒரு வேனை மறிப்பதற்குள் கட்டடம் முழுக்கச் சத்தமாகிவிட்டது.

போலீஸ் கதையை இப்போதே முடித்துவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மேல் கொலை முயற்சி, ஆசிரியர் மேல் விசாரணை. ஏப்ரனில் இருந்தது கோழி ரத்தம் என்று சொல்லியும் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்திருக்கிறேன். கேஸ் நடக்கிறது, நடக்கட்டும். செய்ததற்கு எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை, நீதிபதி கேட்டால் அவரிடமும் இதைத்தான் சொல்வேன். சின்னப் பெண் பிழைத்துக்கொண்டாள். மேட்டுப் பள்ளிக்குத்தான் இந்த வருஷமும் முதலிடம். என் மகள் பாலத்துப் பள்ளிக்குப் போகிறாள், மூக்கு கொஞ்சம் வளைந்த அந்தத் தலைமை ஆசிரியைதான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இடது கையைத்தான் பிடிக்க முடிந்தது. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது.

ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் எனக்கு இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. மரத்துப்போகும் ஊசி முழுதாகப் பிடிப்பதற்குள் டாக்டர் சில்லுகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். சத்தம் இல்லை.

"ரொம்ப தைரியமான பொண்ணு," என்றார் டாக்டர்.

"கத்துடி," என்றேன் நான். "வலிக்குதுல்ல, கத்து. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். தைத்து முடித்துக் கட்டுப் போட்டார்கள். அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்த அவர் கட்டிலருகே வந்தார். சுத்தியல் பட்ட விரலில் ரத்தம் காய்ந்திருந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா கைய விட்ட? கண்ணாடின்னு தெரியாதா உனக்கு? அந்தப் பாப்பாவுக்கு மூச்சு வரலன்னா கதவ தட்டி இருக்கலாம். கத்தி இருக்கலாம் இல்ல?"

"கத்தினா சார்தான் வருவாரு."

"அதுக்கு?"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"கண்ணாடி உடைஞ்சா உங்களத்தானப்பா கூப்பிடுவாங்க."

அவர் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறகு ஓவென்று அழுதார். அவர் அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

மகள் பதறிப்போய் எழுந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். கட்டுப் போடாத கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்கப்பா. இன்னொண்ணு விழும்."

நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழட்டும் விடு," என்றேன்.